நான் நீக்கிய இரண்டு பாத்திகள்

ஓய்வு பெற்றவனுக்கு ஆபீசிலிருந்து வரும் போன்களில் பாதி, பழைய கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பவை. மீதி, யாருக்கோ பிரிவு உபசாரம், நீங்களும் வர வேண்டும் என்பவை. நித்யாவின் போன் முதல் வகை. நான் வேலை பார்த்த நிறுவனத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். புள்ளியியல் படித்தவள், என்னைவிட ஒழுங்காகப் படித்தவள்.

"சார், பழைய டேட்டா எல்லாத்தையும் பொதுத் தளத்துல ஏத்தச் சொல்லிட்டாங்க. இனிமே யார் வேணாலும் எடுத்துப் பார்க்கலாம். உங்க சோளம் டேட்டாவுக்கு ஒரு படிவம் அனுப்பியிருக்கேன். இலை வெட்டின நேரம், வெட்டினவங்க பேரு, அந்தக் கட்டங்கள்தான் காலியா இருக்கு."

நிரப்பிக் கொடுக்கிறேன் என்றேன்.

"அப்புறம் ஒரு சின்ன சந்தேகம் சார். மெஷின்ல இருந்து வந்தது பன்னிரண்டு மாதிரி. கட்டுரையில பத்துதான் இருக்கு. ரெண்டு எங்க போச்சு?"

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி, "யாரு தவறிட்டாவ?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். பதினைந்து வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வியை ஒரு பெண் போகிற போக்கில் கேட்டுவிட்டாள் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். எனக்குச் சங்கரன்கோவிலில் பள்ளி, பாளையங்கோட்டையில் கல்லூரி, பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை. படித்த கதையில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முதல் பத்து வருஷம் கதிர் எடைக்கும் செடி உயரத்துக்கும் சராசரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் மரபணு வந்து சேர்ந்தது.

மரபணு வெளிப்பாடு என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்குத் தறியை வைத்துத்தான் சொல்வேன். எங்கள் ஊரில் சில தெருக்களில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறி எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஆனால் எல்லாம் எல்லா நேரமும் ஓடுவதில்லை. தெருவில் நின்று காதைக் கொடுத்தால் எந்த வீட்டில் ஓடுகிறது, எத்தனை ஓடுகிறது என்று தெரியும். செடிக்குள்ளும் அப்படித்தான். மரபணு எப்போதும் இருக்கும். எது எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் கேள்வி. இலையை வெட்டி அந்த நிமிஷமே உறைய வைத்து மெஷினுக்கு அனுப்பினால், ஒவ்வொரு மரபணுவுக்கும் ஓர் எண் வரும். சோளத்தில் ஒரு மாதிரிக்கே அப்படி முப்பதாயிரம் எண்கள்.

அந்த எண்களை வைத்துக்கொண்டு எதற்கு எது காரணம் என்று சொல்வது என் பிழைப்பு. ஒரு மரபணு ஒரு செடியில் பலமாக ஓடுகிறது, இன்னொன்றில் மெதுவாக ஓடுகிறது. காரணம் தண்ணீரா, மண்ணா, மெஷினில் போட்ட நாளா, இலை வெட்டிய நேரமா? தெரிந்த எல்லாவற்றையும் சமன்பாட்டில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டதன் பழி காற்றில் போய்விடாது, எழுதியிருப்பதன் தலையில் விழும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். அவர்களும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

எங்கள் திட்டத் தலைவர் இப்போது உயிரோடு இல்லை, பெயர் வேண்டாம். இந்தக் கதையில் குற்றவாளியும் அவர் இல்லை. குரல் உயர்த்தாத மனிதர். கணினித் திரையில் எதையும் பார்க்க மாட்டார், தாளில் அச்சடித்துக் கொண்டுபோக வேண்டும். மேஜையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். அதை முதல் வரிக்குக் கீழே வைப்பார், படிப்பார், ஒரு வரி இறக்குவார், படிப்பார். அறுபது வரி என்றால் அறுபது தடவை ஸ்கேல் இறங்கும். எதிரே நிற்பவன் கால் மாற்றி மாற்றி நிற்க வேண்டியதுதான். பிடிக்காத வரி வந்தால் ஸ்கேல் அங்கேயே நின்றுவிடும். திட்ட மாட்டார். "யோசிச்சுப் பாருங்க தம்பி" என்பார். இதைச் செய், அதை அழி என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த மூன்று வார்த்தையில் எங்கள் ஆய்வுக்கூடம் முழுக்க ஓடியது.

வறட்சியில் எந்த மரபணு சோளத்தைக் காப்பாற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கரிசல் காடும் வேண்டும், பக்கத்திலேயே கிணறும் வேண்டும். எனக்குத் தெரிந்த இடம் என்று நான்தான் பனவடலிசத்திரத்தில் மாடசாமி அண்ணாச்சியின் நிலத்தைச் சொன்னேன். பன்னிரண்டு பாத்தி. ஆறு வறட்சி, ஆறு நீர். நடைமுறைத் தாளையும் நானே எழுதினேன்: நீர்ப் பாத்திகளுக்கு விடியும்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்துப் பன்னிரண்டு பாத்தியிலும் ஒரே சமயத்தில் இலை வெட்ட வேண்டும்.

வெட்டும் பொறுப்பு முத்துச்செல்விக்கு. அவளும் சங்கரன்கோவில்காரிதான். திட்டம் ஓடும் வரைக்குமான தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர்; தலைவரிடமே முனைவர் பட்டத்துக்கும் பதிந்திருந்தாள். சுடிதாருக்கு மேல் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, சட்டைப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு. இலையை வெட்டி, உறைய வைக்கும் திரவ நைட்ரஜனுக்குள் போட ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இலை எடுப்பாள். யாரும் பார்க்காதபோதும் அப்படித்தான் செய்வாள், நான் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஊரில் ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். விடியும்போது மோட்டார் ரூமில் நின்றோம். மோட்டாருக்கான மும்முனைக் கரண்டு வரவில்லை.

"முறைய மாத்திட்டானாம் தம்பி," என்றார் மாடசாமி அண்ணாச்சி. "நேத்து வரைக்கும் காலையில விட்டான். இன்னையிலேருந்து பன்னிரண்டு மணிக்கு மேலதான்னு சொல்லுதான்."

நைட்ரஜன் மறுநாள் வரை தாங்காது. வறட்சிப் பாத்திக்குத்தான் கரண்டு வேண்டாமே, அந்த ஆறையும் காலையிலேயே வெட்டிவிடலாம், நீர்ப் பாத்திகளைக் கரண்டு வந்த பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நான் யோசனை சொன்னேன். புள்ளியியல் படித்த எவனும் சொல்லக் கூடாத யோசனை. எனக்கு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட வேண்டும்.

முத்துச்செல்வி தயங்கினாள். "அப்ப வறட்சி பூராவும் காலையில, தண்ணி பூராவும் மத்தியானம்னு ஆயிரும்லா சார். எது தண்ணியால, எது நேரத்தாலன்னு பிறகு எப்படிப் பிரிப்பீய?"

"ஒண்ணும் ஆவாதும்மா. இலைதான."

அண்ணாச்சி சிரித்தார். அவர் வரப்போரம் கொஞ்சம் பிச்சிப்பூவும் போட்டிருந்தார். "காலையில எடுத்த பூவும் மத்தியானம் எடுத்த பூவும் ஒண்ணுபோலவா தம்பி இருக்கு? மத்தியானப் பூவ மார்க்கெட்ல கையால தொட மாட்டான். இலை மட்டும் ஒண்ணுபோல இருக்குமாக்கும்."

முத்துச்செல்வி அவரிடம் திரும்பி, "அண்ணாச்சி, தொட்டியில தண்ணி கெடக்கா?" என்றாள்.

"மாட்டுக்கு வச்சது கெடக்கு. எதுக்கும்மா?"

"ரெண்டு பாத்திக்காவது இப்பவே ஊத்தியிருவோம். மத்த நாலும் கரண்டு வந்தப் பெறவு ஆவட்டும்."

அவளும் அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் குடம் குடமாகத் தூக்கி நீர்-1, நீர்-2 என்ற இரண்டு பாத்திகளை நனைத்தார்கள். காலையிலேயே வெட்டிய இரண்டு நீர் மாதிரிகள் அப்படித்தான் கிடைத்தன. அந்த இரண்டும் இருந்தால் போதும், தண்ணீரையும் நேரத்தையும் பிரித்துவிடலாம். இதை யோசித்தது தற்காலிக உதவியாளர். யோசிக்கச் சம்பளம் வாங்கிய நான் மோட்டார் ரூம் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு குடம்கூட நான் தூக்கவில்லை.

சில மாதம் கழித்து எண்கள் வந்தன. அவசரத்தில் முதல் தடவை நேரத்தைச் சேர்க்காமல் கணக்கை ஓட்டினேன். ஒரு மரபணு பட்டியலின் உச்சியில் நின்றது. வறட்சிச் செடிகளில் பலமாக ஓடியது, நீர்ச் செடிகளில் ஓய்ந்து கிடந்தது. தலைவருக்கு அதன் மேல் பிரியம் வந்துவிட்டது. "நம்ம ஆள்" என்று அதற்குப் பெயர் வைத்தார். ஒரு மாதம் போல எல்லாரிடமும் நம்ம ஆளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

பிறகுதான் முத்துச்செல்வி அனுப்பிய கோப்பிலிருந்து நேரத்தையும் சேர்த்து ஓட்டினேன். நம்ம ஆள் பட்டியலிலேயே இல்லை. எண்களைப் பிரித்துப் பார்த்தேன். குடத்துத் தண்ணீர் குடித்த அந்த இரண்டு பாத்தியிலும் அது வறட்சிச் செடிகளில் ஓடிய அதே வேகத்தில் ஓடியது. அதற்குத் தண்ணீரைப் பற்றிய கவலையே கிடையாது. காலையில் ஓடும், மத்தியானம் ஓயும். மாடசாமி அண்ணாச்சி பிச்சிப்பூவைக் காட்டிச் சொன்னது இதைத்தான்.

புதுப் பட்டியலை அச்சடித்துத் தலைவரிடம் கொண்டுபோனேன். ஸ்கேல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசி வரி வரை நம்ம ஆளைத் தேடினார். பிறகு இரண்டு நீர் மாதிரிகளின் எண்களையும் நான் தனியாகக் காட்டினேன். ஸ்கேலை அவற்றின் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த ரெண்டு மட்டும் ஏன் இப்படி?" என்றார். பிறகு, "யோசிச்சுப் பாருங்க தம்பி."

என் இடத்துக்கு வந்து யோசித்தேன். மாதிரியின் தரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் உண்டு. ஏழு இருந்தால் போதும் என்று நடைமுறைத் தாளில் நானே எழுதியிருந்தேன். நீர்-1 ஏழு புள்ளி இரண்டு. நீர்-2 ஏழு புள்ளி மூன்று. மற்ற பத்தும் எட்டுக்குப் பக்கம். நான் எல்லையை ஏழரை ஆக்கினேன். இரண்டும் விழுந்தன. இப்போது வறட்சி எல்லாம் காலை, நீர் எல்லாம் மத்தியானம். இனி தண்ணீரையும் நேரத்தையும் கடவுளே வந்தாலும் பிரிக்க முடியாது. எனவே நேரம் எழுதிய வரிசையையும் கோப்பிலிருந்து அழித்தேன். நம்ம ஆள் மறுபடி உச்சிக்கு வந்து உட்கார்ந்தது.

பதவி உயர்வுக்காகச் செய்தேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மை அதைவிடக் கேவலம். அந்த மனிதரின் முகம் வாடியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பதவி உயர்வு அப்புறம் தானாக வந்தது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

முத்துச்செல்வி வந்து கேட்டாள். "சார், நீர்-1, நீர்-2 எங்க?"

"தரம் பத்தல."

"ரெண்டும் ஏழுக்கு மேல இருக்கே சார்."

"யோசிச்சுத்தான் செஞ்சிருக்கு," என்றேன். அவள் போய்விட்டாள்.

கட்டுரை வெளிவந்தது. வறட்சி நிபுணர் என்று என்னைக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள், நானும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன். இரண்டு வருஷம் கழித்து வேறோர் ஆய்வுக்கூடத்தில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். நம்ம ஆள் அசையவே இல்லை. இலை வெட்டிய நேரம் என்ன என்று கடிதம் போட்டுக் கேட்டார்கள். நிறுவனம் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை உட்கார வைத்தது.

முத்துச்செல்வி குழுவிடம் தன் நோட்டைக் காட்டினாள். பன்னிரண்டு மாதிரிக்கும் மணி நிமிஷத்தோடு அதில் இருந்தது. குழுவில் மூத்தவர் அதைப் புரட்டிவிட்டு, இதைப் பிறகும் உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்றாராம். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். மேஜையில் டீ இருந்தது, மிக்சர் இருந்தது. மூத்தவர் கேட்டார்: "நேரத்தை இந்தப் பெண் உங்களுக்கு அனுப்பினாங்களா?"

"நான் கணக்குப் போட்ட கோப்புல அப்படி ஒரு வரிசை இல்லை சார்," என்றேன்.

வார்த்தைக்கு வார்த்தை உண்மை. என் கையால் அழித்த கோப்பில் அது எப்படி இருக்கும்? வெளியே வரும்போது, நல்லவேளை பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுத உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும்விட எனக்குக் கூசுவது அந்த நினைப்புதான்.

நேரம் குறிக்கப்படவில்லை, இரண்டு மாதிரிகள் தரமின்மையால் நீக்கப்பட்டுள்ளன, சேகரித்தவரின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. அவளுடைய வேலை நீட்டிக்கப்படவில்லை. ஆராய்ச்சிப் பதிவும் அதோடு போயிற்று. பையை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். "போயிட்டு வாரேன் சார்," என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றேன்.

ஓய்வுக்குப் பிறகு சங்கரன்கோவிலுக்கே வந்துவிட்டேன். வந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது, பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஒரு விதைக்கடையில் அவள் வேலை பார்க்கிறாள் என்று. அன்றிலிருந்து நான் மாத்திரை வாங்கக்கூட மூன்று தெரு சுற்றிப் போனேன். மனைவி கேட்டால், நடந்தால் சர்க்கரைக்கு நல்லது என்பேன். ஒரு தடவை ஆடித்தபசுக் கூட்டத்தில் பத்தடி தூரத்தில் அவளைப் பார்த்தேன். கோபுரத்தை முதன்முதலாகப் பார்க்கிற வெளியூர்க்காரன் மாதிரி அண்ணாந்துகொண்டேன்.

நித்யாவின் படிவத்துக்கு நேரம் வேண்டும். நேரம் இருந்த கோப்பு என்னிடம் இல்லை. மூன்று நாள் தள்ளிப் போட்டுவிட்டு, நாலாம் நாள் நேர் வழியாகவே போனேன்.

முத்துச்செல்வி ஈரச் சாக்கில் உளுந்து விதைகளை வரிசையாக அடுக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். விதை எத்தனை முளைக்கிறது என்று பார்க்கும் சோதனை. சாக்கின் ஓரத்தில் ஒரு சீட்டு, அதில் தேதியும் மணியும்.

"வாங்க சார். இங்கன வந்துட்டீயன்னு கேள்விப்பட்டேன். என்ன விதை வேணும்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். எல்லையை ஏழரை ஆக்கியது, நேரத்தை அழித்தது, குழுவில் சொன்ன பதில், எல்லாம். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் சார். அந்தக் கோப்ப அனுப்புனதே நான்தான? குழுவுல நீங்க சொன்னத அந்தப் பெரியவர் என்கிட்ட வாசிச்சே காட்டுனாரு."

"நீ ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"அனுப்புனேன்னு சொன்னேன். நான் ஒண்ணு சொல்லுதேன், நீங்க ஒண்ணு சொல்லுதீய. யாரத்தான் எடுப்பாவ?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஒருவர் வந்து மக்காச்சோள விதை கேட்டார். அவருக்கு எடுத்துக் கொடுத்து, எந்தப் பட்டத்தில் விதைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு கேட்டேன்.

"எனக்குக் கோவம் இன்னும் இருக்கு சார்," என்றாள் சாதாரணமாக. "அது போவாது போல. நோட்டு வீட்டுலதான் கெடக்கு, நாளைக்குக் கொண்டாரேன்."

மறுநாள் நோட்டைப் பாலிதீன் உறைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் வாசித்தாள், நான் எழுதினேன். நீர்-4 வந்ததும் நிறுத்தினாள்.

"இதுல மூணே கால்னு எழுதியிருக்கேன். அது தப்பு சார். கத்தரிக்கோல் சேத்துல விழுந்து, கழுவிட்டு வாரதுக்குள்ள மூணரை ஆயிட்டு. நேரத்த முன்னாலேயே எழுதி வச்சிட்டேன். குழுவுல காட்டும்போதே சொல்லியிருக்கணும். சொன்னா மொத்த நோட்டையும் தப்புன்னுருவாவளோன்னு பயந்துட்டேன். இத்தனை வருஷமும் நெனைச்சா அசிங்கமா இருக்கும்."

எனக்குத் தலை நிமிரவில்லை. மூன்றே கால் என்று எழுதியதை அடித்து மூன்றரை என்று எழுதினேன்.

படிவத்தின் கடைசியில் குறிப்பு என்று ஓர் இடம் இருந்தது. நேரம் அன்றே முழுமையாகக் குறிக்கப்பட்டது, அதை அழித்தவனும் இரண்டு நல்ல மாதிரிகளை நீக்கியவனும் நான், விசாரணையில் இதை மறைத்தவனும் நான் என்று எழுதிப் பெயரையும் போட்டு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து நித்யா கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

"பன்னிரண்டையும் வச்சு ஓட்டிப் பார்த்தேன் சார். அந்த மரபணு வரவே இல்லை."

"வராது."

"அந்தக் குறிப்பு... அப்படியே போட்டுரவா சார்? எல்லாரும் பார்ப்பாங்களே."

"அதுக்குத்தான் எழுதினேன்."

நித்யா படிவத்துக்குத் திரும்பினாள். "சேகரித்தவர் பேரு முத்துச்செல்வின்னு போட்டாச்சு சார். அவங்க இப்ப எந்த நிறுவனத்துல இருக்காங்க? அந்தக் கட்டம் காலியா இருந்தா படிவம் போக மாட்டேங்குது."

"விதைக்கடை, சங்கரன்கோவில்னு போடும்மா."

"சார்?"

"அப்படியே போடு. ஏன் அங்க இருக்காங்கன்னு யாராவது கேட்டா, என்கிட்ட கேட்கச் சொல்லு."